மின்கல வாசிப்பு விளக்கு மூன்றாம் இரவே மங்கிவிடுகிறது, எங்கே பிழை?

உச்சிப்புளி வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால், விளக்கு வைத்த பிறகு மின்சாரம் எந்நேரம் நிற்கும், நின்றது எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல இயலாது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து பாம்பனை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நின்றபோது, வீட்டில் இருந்த மெழுகுவத்திகள் எல்லாம் தீர்ந்து, கடைசியில் சாமி விளக்கின் வெளிச்சத்தில்தான் சோறு உண்டோம். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும் மாவட்டத்திலிருந்து இப்படி எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது.

என் மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவளுக்காக, கடையில் வாங்காமல் வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு வாசிப்பு விளக்கு செய்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் தோற்றேன். முதல் முறை, எரியாமல் போன 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை உடைத்து, உள்ளே அலுமினியத் தட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் பொட்டுகளில் கருகாத ஒன்றைப் பெயர்த்தெடுத்து, மூன்று பென்டார்ச் செல்களுடன் இணைத்தேன். முனைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் அது கண் திறக்கவே இல்லை. இரண்டாம் முறை, இராமநாதபுரத்தில் வெள்ளை நிற 5 மி.மீ. எல்.இ.டி.கள் பத்து வாங்கி வந்து, அவற்றுள் நான்கை ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டி, பழைய ரிமோட்டின் செல் பெட்டியில் இரண்டு புதிய ஆல்கலைன் செல்களைப் போட்டு எரியவிட்டேன். முதல் இரவு மிக நன்றாக எரிந்தது. இரண்டாம் இரவு கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் இரவு புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அறிய முடிந்தது.

செல் தீர்ந்துவிட்டது என்று எண்ணி அளவுமானியில் பார்த்தால் ஒவ்வொன்றும் 1.27 வோல்ட் காட்டுகிறது. அதே செல்களைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் கடிகாரம் ஓடுகிறது. அப்படியானால் குற்றம் செல்லிலா, விளக்கிலா, என் கையிலா? மேலும், ரிமோட்டின் ஸ்பிரிங் துருவேறி, பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பும் படிந்திருக்கிறது. அதுவும் ஒரு காரணமாக இருக்குமா? என்னிடம் பழைய அவசர விளக்கிலிருந்து எடுத்த 4 வோல்ட் பேட்டரி ஒன்றும், பழைய மடிக்கணினியின் பேட்டரி ஒன்றும் இருக்கின்றன. மகளோ, “இவ்வளவு கடல்நீர் இருக்கும்போது செல் எதற்கு, உப்புநீரிலேயே மின்சாரம் எடுக்கலாம் என்று பாடத்தில் இருக்கிறதே” என்கிறாள். அவளுக்கும் ஒரு பதில் வேண்டும்.

கீழக்கரை பழுதுபார்ப்பவர் எழுதுகிறார்:

அண்ணன் அவர்களுக்கு, உங்கள் கையில் குற்றம் இல்லை, செல்லும் கெட்டுவிடவில்லை. இரண்டு தோல்விகளுக்கும் மூலம் ஒன்றுதான்: எல்.இ.டி.யைப் பழைய டார்ச் பல்பைப் போல எண்ணிவிட்டீர்கள்.

டார்ச் பல்புக்குள் இருப்பது வெறும் இழை. மின்னழுத்தம் குறையக் குறைய அதுவும் வெள்ளையிலிருந்து மஞ்சளாய், மஞ்சளிலிருந்து சிவப்பாய்ப் படிப்படியாக மங்கி, செல்லில் இருக்கும் கடைசித் துளி வரை உறிஞ்சிவிட்டுத்தான் அணையும். எல்.இ.டி.க்கு ஒரு வாசற்படி உண்டு. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 முதல் 3.2 வோல்ட் கிடைத்தால்தான் 20 மில்லியாம்பியர் ஓடி நிறைவாக ஒளிரும், 2.6 அல்லது 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் பெயருக்குத்தான் மின்னும். புதிய ஆல்கலைன் செல்கள் இரண்டு சேர்ந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருக்கும். அதாவது அந்தப் படியை அப்போதுதான் தொட்டு நிற்கும். இரண்டு இரவு எரிந்து 1.27 ஆக இறங்கினால், இரண்டும் சேர்ந்து 2.54. படிக்குக் கீழே போயாயிற்று. செல்லுக்குள் கணிசமான ஆற்றல் மீதமிருந்தும் விளக்கால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. கடிகாரத்துக்கு வேண்டியது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் அது அந்த மிச்சத்தில் மாதக்கணக்கில் ஓடும். ஆகவே அந்தச் செல்களை எறிந்துவிடாதீர்கள்.

எனவே மூன்று செல்கள் வேண்டும். மூன்று செல்களை நேரடியாகக் கொடுத்தால் 4.5 வோல்ட், அது எல்.இ.டி.க்கு மிகுதி, விரைவில் கருகிவிடும். மிகுதியைத் தாங்கிக்கொள்ள ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை ஒன்றை இடையில் வைக்க வேண்டும். கணக்கு எளிது. 4.5இலிருந்து 3.1ஐக் கழித்தால் 1.4 வோல்ட். அதை 82 ஓம் மின்தடைமேல் சுமத்தினால் ஓடுவது 17 மில்லியாம்பியர். 82 ஓமுக்கு வண்ணப் பட்டைகள் சாம்பல், சிவப்பு, கறுப்பு. கால் வாட் வகை தாராளமாகப் போதும். செல்கள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகும் மொத்தம் 3.6 வோல்ட் இருக்கும்; அப்போதும் ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 8 மில்லியாம்பியர் அளவு கிடைக்கும். ஒளி குறையுமே தவிர, நீங்கள் கண்டதுபோல் ஒரேயடியாக விழுந்துவிடாது.

இதில் பலர் செய்யும் சிக்கனம் ஒன்றைச் செய்துவிடாதீர்கள். வாசிப்புக்கு ஆறு எல்.இ.டி. வைப்பதாகக் கொள்வோம்; ஆறுக்கும் சேர்த்து ஒரே மின்தடை வைத்தால் போதாதா என்று தோன்றும். ஒரே பொட்டலத்தில் வாங்கியவையாக இருந்தாலும் அவற்றின் வாசற்படி உயரம் இம்மியளவு மாறும். படி தாழ்ந்தது மற்றவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முதலில் கெடும், பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடை வையுங்கள். ஆறு எல்.இ.டி.யும் ஆறு மின்தடையும் ஒரு தேநீர், இரண்டு வடைச் செலவுக்குள் அடங்கிவிடும்.

ஆறும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 100 மில்லியாம்பியர். நல்ல ஆல்கலைன் பென்டார்ச் செல்லின் கொள்ளளவு 2000 மில்லியாம்பியர் மணி என்று வைத்துக்கொண்டால் இருபது மணி நேரம் எரியும்; இறங்க இறங்க இழுப்பும் குறைவதால் அதற்கு மேலும் வரும். மலிவான சாதாரணச் செல்லில் இதில் பாதிகூட எதிர்பார்க்க முடியாது. பழைய பெரிய டார்ச்சின் உறை இருந்தால், அதன் பெரிய செல்கள் மூன்றைப் போட்டு அதையே விளக்கின் அடிப்பாகமாக ஆக்கிக்கொள்ளலாம். கனமும் கிடைக்கும், நாளும் நீடிக்கும். என் விருப்பம் அதுதான்.

இனி உங்கள் 9 வாட் பல்பு. அந்த மஞ்சள் பொட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே ஒரு சில்லு இருப்பதாக எண்ணிக்கொண்டு 4.5 வோல்ட் கொடுத்தீர்கள். அத்தகைய பல்புகளில் ஒரு பொட்டுக்குள்ளேயே இரண்டோ மூன்றோ அதற்கு மேலுமோ சில்லுகளைத் தொடராக வைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு பொட்டு கண் திறக்க 6 வோல்ட், 9 வோல்ட், சில வகைகளில் 18 வோல்ட்கூடத் தேவைப்படும். ஒரு 9 வோல்ட் செல்லையும் 1 கிலோ ஓம் மின்தடையையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள், பெரும்பாலும் லேசாக மின்னும். மின்னினாலும் நம் வேலைக்கு அது உதவாது. அதைவிட முக்கியமாக, திறந்த பல்பை வீட்டு மின்சாரத்தில் செருகிச் சோதிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பலகை பெரும்பாலும் மின்கம்பியிலிருந்து பிரிக்கப்படாதது, தொட்டால் உயிருக்கே ஆபத்து.

4 வோல்ட் பேட்டரி பயன்படும், சில நிபந்தனைகளுடன். முழுவதும் சார்ஜ் செய்து, ஓர் இரவு எதிலும் இணைக்காமல் வைத்துவிட்டுக் காலையில் அளந்து பாருங்கள். 4.1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். நன்றாக இருந்தால் 82க்குப் பதிலாக 56 ஓம் வையுங்கள். 3.5 வோல்ட்டுக்குக் கீழே போகும்வரை எரியவிடாதீர்கள். காரீய அமில பேட்டரி காலியாகக் கிடந்தால் உள்ளே உப்புப் படிந்து மறுபடி ஏறாது. மலிவான அவசர விளக்குகளின் சார்ஜர்ப் பலகையும் மின்கம்பியிலிருந்து பிரிக்கப்படாதது என்பதால், சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் முனையைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். அந்தப் பழைய விளக்கின் கூட்டுக்குள்ளேயே வைத்து மூடிச் சார்ஜ் செய்யுங்கள். அவ்வேளையில் வாசிப்பு விளக்கு அதனுடன் இணைந்திருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளைப் படிக்கும்போதே அலுப்பாக இருந்தால், பிள்ளை கையாளும் விளக்குக்கு மூன்று செல்களே மேல்.

மடிக்கணினி பேட்டரியைத் தொடாதீர்கள். லித்தியம் செல்லைப் பிரிக்கும்போது ஒரு தகடு தவறிப்போய் இன்னொன்றைத் தொட்டால் தீப்பற்றும். உரிய பாதுகாப்புப் பலகையுடன் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் விளக்கு செய்பவர் தொடங்கும் இடம் அதுவன்று.

உச்சிப்புளி வாசகர்:

மிக்க நன்றி காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தானே அழைப்பீர்கள்). படி என்று சொன்னதும் விளங்கிவிட்டது. என்னிடம் சால்டரிங் கோல் இல்லை. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

கீழக்கரை பழுதுபார்ப்பவர்:

மலையடிவாரத்தில் இருந்தால் போதும் என்பேன். நம் கரையில் போதாது. முறுக்கிய இணைப்புக்குள் உப்புக்காற்று புகுந்து ஒரு மழைக்காலத்துக்குள் களிம்பு ஏறிவிடும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படுத்தும், திருகாணி வைத்த பிளாஸ்டிக் கனெக்டர் பட்டை ஒன்று வாங்கி, ஒவ்வொரு எல்.இ.டி.யின் நீண்ட காலையும் அதன் மின்தடையையும் ஒரே துளையில் விட்டு இறுக்குங்கள். நீண்ட கால் நேர்முனை. கால்களை வெட்டிவிட்டால், விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை என்று அறியலாம். மின்தடைகளின் மறுமுனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்விட்ச் வழியாகச் செல்லின் நேர்முனைக்கும், குட்டைக் கால்கள் எல்லாவற்றையும் எதிர்முனைக்கும் கொண்டுபோங்கள். முடிந்தால் கால்வாசி நாள் ஒதுக்கி, அருகில் உள்ள பழுதுகடையில் ஈயம் வைத்து வாங்கிவிடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

மின்னழுத்தத்தைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் வெளிச்சத்தைப் பற்றியும், அந்தப் பெண்பிள்ளையின் கடல்நீர்க் கேள்வியைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

வாசிப்புக்குத் தாளின்மீது 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்று பொதுவாகப் பரிந்துரைப்பார்கள். ஒரு மெழுகுவத்தியை ஓரடி தள்ளி வைத்தால் விழுவது ஏறத்தாழ 10 லக்ஸ். நாம் மெழுகுவத்தியிலும் படித்துத் தேறியவர்கள்தாம். அதற்காக அது போதும் என்று வாதிட மாட்டேன், கண் வலித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறை முழுவதும் 300 லக்ஸ் கொடுக்க வேண்டுமானால் இந்தச் சிறு செல்களால் முடியாது. ஆனால் ஒரு புத்தகத்தின் இரு பக்கங்களுக்கு மட்டும் கொடுப்பது முடியும், ஏனெனில் தொலைவு பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். குவிவு குறைந்த 5 மி.மீ. எல்.இ.டி.யின் பொட்டலத்தில் 4000 மில்லிகேண்டெலா, அதாவது 4 கேண்டெலா (விளக்கு ஒரு திசையில் வீசும் ஒளியின் அளவு), என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு சேர்ந்து ஒரே இடத்தில் விழுந்தால் 24 கேண்டெலா. 60 செ.மீ. உயரத்திலிருந்து நடுவில் கிடைப்பது 67 லக்ஸ். அதையே 30 செ.மீ.க்குத் தாழ்த்தினால் 267 லக்ஸ். ஒரு செல் கூடுதலாகச் செலவிடாமல் கிடைத்த ஆதாயம் இது. ஆகையால் விளக்கின் கழுத்து வளைந்து தாழக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கினால், வளைத்த இடத்தில் வளைந்து நிற்கும்.

வாங்கும்போது பொட்டலத்தில் பெரிய எண் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 15 பாகைக்குள் குவித்துவிட்டால் அதே எல்.இ.டி. 15000 மில்லிகேண்டெலா என்று காட்டும். தாளில் ஒரு நாணயம் அளவு வட்டம் பளிச்சென்று தெரியும், அடுத்த வரி இருட்டில் கிடக்கும்.

இப்போது கடல்நீர். மகளிடம், அவள் சொல்வது சரி என்று முதலில் சொல்லுங்கள். 1800ஆம் ஆண்டு வோல்டா செய்த முதல் மின்கலமே, உப்புநீரில் நனைத்த அட்டையைத் துத்தநாகத் தகட்டுக்கும் செம்பு அல்லது வெள்ளித் தகட்டுக்கும் இடையில் வைத்து அடுக்கியதுதான். நம் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. மின்சாரம் கடத்த அது தாராளம். ஒரு குவளையில் கடல்நீர் ஊற்றி, செம்புக் கம்பியையும் துத்தநாக முலாம் பூசிய ஆணியையும் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தினால், அளவுமானி முக்கால் வோல்ட் அளவு காட்டும். நான்கு குவளைகளைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட். ஆனால் வெள்ளை எல்.இ.டி.யை இணைத்த மறுநொடியே அந்த எண் சரிந்துவிடும், ஏனெனில் இவ்வளவு சிறிய உலோகப் பரப்பிலிருந்து வரும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஒவ்வொரு குவளையும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்; நான்கு சோடிகளையும் ஒரே வாளியில் முக்கினால் உப்புநீரே எல்லாவற்றையும் இணைத்துவிடும்.

அவள் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியச் செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் கடலிலிருந்து வருவதில்லை. துத்தநாகம் கரைவதால் வருகிறது. கடல்நீர் வெறும் பாதைதான். விசைப்படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்தியிருப்பதை அவள் பார்த்திருப்பாள். படகின் மற்ற உலோகம் அரிக்காமல் அந்தக் கட்டி தான் கரைந்து கொடுக்கிறது. அவளுடைய குவளையில் நடப்பதும் அதே வேலைதான். வெள்ளைக்குப் பதிலாக 1.8 வோல்ட் அளவிலேயே கண் திறக்கும் சிவப்பு எல்.இ.டி.யையும், ஐந்தாறு குவளைகளையும் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அறிவியல் கண்காட்சிக்கு அது ஆகும், வாசிப்புக்கு ஆகாது.

தங்கச்சிமடம் வல்லக்காரர்:

ஆசிரியர் ஐயா துத்தநாகக் கட்டியைச் சொன்னதால் நானும் எழுதுகிறேன். எங்கள் நாட்டுப்படகில் வலை மிதவையோடு கட்டுகிற சிமிட்டும் விளக்குகள் செல்லில்தான் எரிகின்றன. அவற்றை ஆண்டுக்கணக்கில் கழற்றி மாட்டிய அனுபவத்தில், இந்தக் கரையில் செய்யும் எந்த விளக்கையும் முதலில் கொல்வது உப்பு என்று உறுதியாகச் சொல்வேன். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஸ்பிரிங்கின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு, வாடைக்காலத்தில் இரவெல்லாம் நனைந்தே இருக்கிறது. அதில் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டிருந்தால், ஐயா சொன்ன குவளை அங்கேயே உருவாகி, இரும்பு கரையத் தொடங்குகிறது.

உங்கள் ரிமோட் பெட்டியில் இருக்கும் பச்சைக் களிம்பும் துருவும் இப்படி வந்தவையே. அந்தப் படிவம் மின்சாரத்தை மறிப்பதால், செல்லில் 1.5 வோல்ட் இருந்தாலும் விளக்குக்குப் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவாக இருக்கும். காக்கா சொன்ன வாசற்படிக் கணக்கில் இதையும் கழித்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக மாவு போலப் பூத்திருந்தால் அது வேறு. ஆல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம். எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். மேலே உள்ள முலாம் போய்விட்டால் முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

காய்ந்த பிறகு ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் விரல் நுனியளவு வாசலின் தடவிவிடுங்கள். செல் தொடும் இடத்தில் அழுத்தம் இருப்பதால் மின்சாரம் தடைப்படாது, சுற்றிலும் ஈரம் அண்டாது. ஈயம் வைத்த ஒவ்வோர் இணைப்பின்மேலும் வீட்டுப் பெண்கள் வைத்திருக்கும் நகப்பூச்சை இரண்டு தடவை பூசுங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் மச்சான்; அவருடைய மனைவிக்கு இதனால் ஏற்பட்ட வருத்தம் தனிக்கதை.

விளக்கு கவிழாமல் இருக்க அடியில் மணல் நிரப்பும் எண்ணம் இருந்தால், கடல்மணலை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் செல்லுக்கு அடியில் நீங்களே உப்பளம் கட்டியதாகிவிடும். மழைக்காலம் முடிந்து விளக்கை எடுத்து வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

சாயல்குடி வாசகி:

எல்லாரும் மின்சாரத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்கு நேரே எல்.இ.டி. அடித்தால் எத்தனை லக்ஸ் இருந்தும் படிக்க முடியாது என்பதை யாரும் சொல்லவில்லை. என் மகனுக்கு நான் செய்த விளக்கில் முதலில் அந்தத் தவறுதான் நேர்ந்தது. புத்தகத்தை விட்டு நிமிர்ந்தால் ஆறு வெள்ளைப் புள்ளிகள் கண்ணில் குத்தின. எழுதும்போது பேனாவுக்கு ஆறு நிழல்கள் விழுந்தன.

எங்கள் பக்கம் பனையோலைக்குப் பஞ்சமில்லை. கருப்பட்டி வைக்கும் சிறிய ஓலைக் கொட்டான் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, எல்.இ.டி.கள் அதன் விளிம்புக்கு இரண்டு விரற்கடை உள்ளே இருக்கும்படி கட்டினேன். உட்புறத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினேன். பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாளும் ஒளியைத் திருப்பும், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருந்து செல்லின் நேர்முனைக் கம்பியையும் எதிர்முனைக் கம்பியையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் செல்கள் குறுக்கிணைப்பாகிச் சூடாகிவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆனது. வாய்ப்புறத்தில், கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டை வெட்டி, வெள்ளையான பகுதி மட்டும் வரும்படி இழுத்துக் கட்டினால் ஆறு நிழலும் கரைந்து ஒன்றாகிவிடுகிறது. கொஞ்சம் வெளிச்சம் குறையத்தான் செய்யும். அதை உயரத்தைத் தாழ்த்திச் சரிசெய்துகொள்ளலாம். இந்த அளவு எல்.இ.டி. சூடேறாது என்பதால்தான் ஓலை பொருந்துகிறது. பழைய இழை பல்பையோ மெழுகுவத்தியையோ ஓலைக்குள் ஒருநாளும் வைக்காதீர்கள். ஓலை கிடைக்காதவர்கள் பெரிய சிரட்டையில் செய்யலாம்.

இரண்டு சிறு குறிப்புகள் மட்டும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். வாங்கும்போது நீலம் கலந்த வெள்ளையை விட்டுவிட்டு மஞ்சள் கலந்த வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள்; மழை விட்ட மாலையில் ஈசல் மொய்ப்பது அதில் குறைவாக இருக்கிறது.

உச்சிப்புளி வாசகர்:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பழைய டார்ச்சின் உறை கிடைக்காததால், மூன்று பென்டார்ச் செல்கள் கொள்ளும் புதிய செல் பெட்டி ஒன்றை வாங்கினேன். அதை ஒரு மூடி போட்ட காப்பித்தூள் டப்பாவுக்குள் வைத்து, வல்லக்கார அண்ணன் சொன்னபடி அலசிய மணலைப் பொட்டலமாகக் கட்டி அடியில் போட்டேன். மின்தடைகள் ஆறும் 82 ஓம். ஈயம் வைக்கும் வேலையை மட்டும் கடையில் செய்து வாங்கினேன். எங்கள் வீட்டில் கொட்டான் இல்லாததால் சிரட்டைதான். அதன் கண்ணைத் துளைத்துக் கம்பியை உள்ளே விட்டது மிகவும் வசதியாக அமைந்தது. ஏற்கனவே வாங்கியிருந்த எல்.இ.டி.கள் நீலம் கலந்த வெள்ளை என்பதால் ஈசலைப் பற்றிய எச்சரிக்கை எனக்குப் பிந்திக் கிடைத்தது.

இதுவரை ஏறத்தாழ பத்து மணி நேரம் எரிந்திருக்கிறது. நேற்று விளக்கை அணைத்துவிட்டு அளந்தபோது செல்கள் ஒவ்வொன்றும் 1.33 வோல்ட் காட்டின. முதல் நாளைக் காட்டிலும் ஒளி குறைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. மகளுக்குத் தெரியவில்லை என்கிறாள். பழைய இரண்டு செல்களும் இன்னும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடல்நீர்க் குவளைகளை ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் வைத்தோம். ஐந்து குவளையில் சிவப்பு எல்.இ.டி. கையால் மறைத்துப் பார்த்தால் தெரியும் அளவுக்கு எரிந்தது. ஆணிகளை மறுநாள் எடுத்துப் பார்த்தபோது முலாம் மங்கிச் சொரசொரப்பாகியிருந்ததை அவளே கண்டு, ஆசிரியர் ஐயாவிடம் சொல்லச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சித்தி சிரட்டை விளக்கைப் பார்த்துவிட்டு, பின்கட்டில் மீன் அறுக்கும் இடத்துக்கு இதேபோல் ஒன்று கேட்டிருக்கிறார். அங்கே ஈரக்கை படும் என்பதால், ஸ்விட்சை எப்படி மூடுவது என்று வல்லக்கார அண்ணன் சொன்னால் நல்லது.